கை எழும்பியதா என்று யார் பார்ப்பது?

வல்லம் ஊராட்சி ஒன்றியத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். திண்டிவனம் - செஞ்சி சாலையின் இரு பக்கமும், உள்ளே மேல்சித்தாமூர் வரையும் சிதறிக் கிடக்கும் ஊர்கள். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர், பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர், பார்க்கின்சன் நோயில் நடை குறுகிப்போனவர், மூளை முடக்குவாதத்தோடு பிறந்த பிள்ளை என்று இவர்கள் அத்தனை பேரின் வீட்டுக்கும் போய்ப் பயிற்சி கொடுக்க மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வகுத்த அளவு, ஒன்றியத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவர். அவர் மாதத்தில் 25 நாளும் ஓடி, நாளைக்கு ஐந்து வீடு ஏறி இறங்கினால் 125 வருகை. ஒரு நோயாளியை வாரம் இருமுறை பார்ப்பதென்றால் பதினைந்து பேரோடு அவருடைய மாதம் தீர்ந்துவிடும்.

இந்தக் கணக்கைப் போட சுகாதாரத் துறைக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அதை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். அதைத்தான் கண்டிக்கிறோம்.

திட்டத்தின் மீது நமக்குப் பகை இல்லை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது வரவேற்றோம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வாசலுக்கே வருவது சின்ன விஷயமில்லை. 385 வட்டாரங்களுக்கு 385 இயன்முறை மருத்துவர் என்ற ஏற்பாடும், இயன்முறை சிகிச்சை என்பதே எட்டாத ஊர்களுக்கு ஒரு தொடக்கம்தான். 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. ஆனால் தொடக்கத்தையே முடிவாக்கிக்கொண்டு, அதன் பிறகு தலைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 2022 டிசம்பரில் ஒரு கோடியாவது பயனாளி, 2024 டிசம்பரில் இரண்டு கோடியாவது பயனாளி என்று மேடை போட்டார்கள். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போய்ப் பாருங்கள், மூட்டையை எண்ணிவிட்டு யாரும் பணம் கொடுப்பதில்லை, தராசில் ஏற்றுவார்கள். இயன்முறை சிகிச்சை பெற்றவர்கள் இத்தனை பேர் என்று சொல்லும் துறை, அவர்களில் எத்தனை பேருக்குக் கை எழும்பியது, எத்தனை பேர் சுவரைப் பிடிக்காமல் கழிப்பறைக்குப் போனார்கள் என்று ஒரு முறையாவது சொல்லியிருக்கிறதா?

இந்தப் பக்கத்து வீடுகளில் பயிற்சி நடப்பதைப் பார்த்தவர்களுக்குச் சிக்கல் புரியும். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்கார வைப்பார்கள். விழுந்த கை மடியில் கிடக்கும். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்கும். “தூக்குங்க... இன்னுங் கொஞ்சம்... அவ்ளோதான், தூக்கிட்டீங்க பாருங்க” என்பார் மனைவி. கையும் மேலே போயிருக்கும். ஆனால் கூடவே தோள்பட்டை காதை நோக்கி ஏறியிருக்கும், முழங்கை மடங்கியே இருக்கும், இடுப்புக்கு மேல் உடம்பு மொத்தமும் நல்ல பக்கம் சாய்ந்திருக்கும். உடம்புதான் கையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. இப்படி நூறு முறை தூக்கினால் மூளை பழகுவது அந்தத் தப்பான அசைவைத்தான். கொஞ்ச நாளில் தோள் வலிக்கும். வலி வந்ததும் பயிற்சி நிற்கும். பயிற்சி நின்றால் ‘இனிமே வராது’ என்று வீடு முடிவு கட்டிவிடும். அடுத்து யாரோ சொன்னார்கள் என்று புறா ரத்தம் தடவுகிற ஊருக்கு வண்டி கட்டுவார்கள்.

மனைவியைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் மல்லாட்டைக் கொல்லையிலிருந்து வந்து, உலை வைத்துவிட்டு, இதையும் செய்கிறார். தோள் ஏறியதைப் பார்த்துச் சொல்ல ஒரு கண் வேண்டும். அந்தக் கண் அடுத்த மாதம்தான் வரும்.

இன்றைக்கு அந்தக் கண்ணை ஓரளவுக்கு ஒரு செல்போன் கேமரா தர முடியும். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முட்டி என்று உடம்பின் புள்ளிகளைப் படத்திலிருந்து பிரித்தெடுத்து, கை எத்தனை டிகிரி உயர்ந்தது, முதுகு எவ்வளவு சாய்ந்தது, நேற்றைவிட இன்று நடுக்கம் கூடியதா குறைந்ததா என்று கணக்கிடும் மென்பொருள்கள் வந்து வருடங்களாகிவிட்டன. 2010-இல் மைக்ரோசாஃப்ட் வீடியோ விளையாட்டுக்காக விற்ற கினெக்ட் கேமராவைத்தான் மறுவாழ்வு ஆய்வாளர்கள் முதலில் பரவலாக எடுத்துப் பயன்படுத்தினார்கள். 2020-இல் கூகுள் வெளியிட்ட பிளேஸ்போஸ் உடம்பில் 33 புள்ளிகளைப் பார்க்கிறது, போனுக்குள்ளேயே ஓடுகிறது, உரிமக் கட்டணம் கிடையாது. கேமரா வேண்டாம் என்றால் மணிக்கட்டிலும் இடுப்பிலும் கட்டிக்கொள்ளும் உணரிகள் இருக்கின்றன. போனைத் திருப்பினால் படம் திரும்புகிறதே, அந்த வேலையைச் செய்யும் அதே வகைச் சில்லுகள்தான் அவற்றிலும் இருக்கின்றன. வீட்டில் செய்த பயிற்சியின் அளவு எங்கோ உட்கார்ந்திருக்கும் பிசியோவின் திரைக்குப் போகும். பதினைந்து பேருக்கு மேல் பார்க்க முடியாதவர், யாருக்கு இந்த வாரம் தப்பாகப் போகிறது என்று பார்த்து, அந்த வீட்டுக்கு முதலில் வண்டியை விடலாம். இதில் மாயம் ஒன்றும் இல்லை.

பலன் இருக்கிறதா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. அமெரிக்காவில் 11 இடங்களில், பக்கவாதத்தில் கை பலவீனமான 124 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு சோதனை நடத்தினார்கள். 2019-இல் அதன் முடிவு வெளியானது. ஒரு பிரிவினர் மருத்துவமனைக்கு வந்தார்கள். மற்றப் பிரிவினர் வீட்டில் கணினியும் கைக்கருவிகளும் வைத்துக்கொண்டு, காணொளியில் தெரபிஸ்ட் பார்க்கச் செய்தார்கள். இருவருக்கும் 70 நிமிடம் வீதம் 36 அமர்வு. கையின் இயக்கத்தை அளக்கும் 66 புள்ளி அளவுகோலில் வீட்டிலிருந்தவர்கள் 7.9 புள்ளி முன்னேறினார்கள், மருத்துவமனைக்கு வந்தவர்கள் 8.4. வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல என்பதே ஆய்வின் முடிவு. கவனிக்க வேண்டியது, அந்த 36-இல் சரிபாதியை ஒரு தெரபிஸ்ட் நேரடியாகக் கண்காணித்தார்.

அந்தச் சரிபாதியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளை வைத்து நடந்த ‘அட்டெண்ட்’ ஆய்வு 2017-இல் லான்செட் இதழில் வந்தது. குடும்பத்தாருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி கற்றுக்கொடுத்து, வீட்டிலும் இரண்டு மாதம் வரை தொடர்ந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கற்றுக்கொடுத்த பிரிவிலும் கொடுக்காத பிரிவிலும் ஒரே நிலை. இரண்டிலும் சுமார் 47 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள் அல்லது பிறர் உதவியின்றி வாழ முடியாமல் இருந்தார்கள். ‘வீட்டுக்காரங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டோம், அவங்க பாத்துப்பாங்க’ என்று கையைக் கழுவும் அத்தனை பேரும் அந்த ஆய்வைச் சட்டமிட்டு மாட்டிவைக்க வேண்டும். பயிற்சியின் அளவும் ஒரு பிரச்சினை. அமெரிக்க, கனடா மருத்துவமனைகளிலேயே ஓர் அமர்வில் பலவீனமான கை பயனுள்ள வேலைக்காக அசைந்தது சராசரியாக 32 முறைதான் என்று 2009-இல் எண்ணிச் சொன்னார்கள். மூளை புது வழி போட்டுக்கொள்ள நூற்றுக்கணக்கில் வேண்டும் என்பது விலங்கு ஆய்வுகள் காட்டிய கணக்கு. மாதத்தில் ஒரு வருகை இதில் எந்த மூலைக்கு?

பக்கவாதத்துக்குப் பின் உடம்பு மீளும் வேகம் முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம். சரியாக அந்த மூன்று மாதத்தில் அரசு காணாமல் போய்விடுகிறது. முன்னால் பாருங்கள், எவ்வளவு ஏற்பாடு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்று 108 ஓடுகிறது. விபத்தென்றால் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ இருக்கிறது. திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18-ஆம் தேதி அதைத் தொடங்கினார்கள். முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கிறது, நல்லது. முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றி அனுப்புகிறார்கள், அதுவும் நல்லது. காப்பாற்றப்பட்ட உயிர் ஊர் திரும்பிய பிறகு? முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைப் படுக்கையைச் சுற்றிக் கட்டப்பட்டது. வீட்டு வாசல் நாற்காலியில் நடக்கும் மூன்று மாதப் பயிற்சிக்கு அதில் இடமில்லை. மாற்றுத்திறனாளிகள் நலத் துறையிடம் போனால் சான்று கேட்பார்கள். பாதிப்பு நிலைத்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் சான்று. அதாவது இனி பெரிதாகத் தேறாது என்று உறுதியான பிறகு உதவிக்குத் தகுதி வருகிறது! சுகாதாரத் துறையிலிருந்து இறங்கியவர் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை வண்டியில் ஏறுவதற்குள் அவருடைய கை இறுகிவிடுகிறது. பிறகு கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை. வல்லத்திலிருந்து முண்டியம்பாக்கத்துக்கு வாடகைக் கார் வைத்து, துணைக்கு ஒருவர் கூலியை விட்டுவிட்டுப் போய்வந்தால் அது எத்தனை நடைக்கு வரும் என்று தலைமைச் செயலகத்தில் யாராவது கணக்குப் பார்க்கட்டும்.

இது கருணையின் பேரில் கேட்கும் விஷயமும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. மூளை முடக்குவாதம், பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நாள்பட்ட நரம்பியல் நோய்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. வருமான வரம்புக்கு உட்பட்டு, இருக்கும் இடத்துக்கு அருகிலேயே, குறிப்பாகக் கிராமப்புறத்தில், இலவச மருத்துவ வசதி தர வேண்டும் என்கிறது பிரிவு 25. மறுவாழ்வுப் பணிகளை அரசும் உள்ளாட்சியும் மேற்கொள்ள வேண்டும் என்கிறது பிரிவு 27. ‘பொருளாதார வசதிக்கு உட்பட்டு’ என்று அந்தப் பிரிவில் ஒரு கதவு திறந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாடு உரிமைகள் திட்டத்துக்கு 2022-இல் உலக வங்கி 16.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறதே? அந்தப் பணத்தை வாங்கிய மாநிலம் வசதியில்லை என்று அந்தக் கதவு வழியாக நழுவ முடியாது.

அரசு விட்ட இடத்தில் யார் நுழைகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். செயற்கை நுண்ணறிவு பிசியோ, வீட்டிலேயே குணம், மாதச் சந்தா இவ்வளவு என்று விளம்பரங்கள் போனில் ஓடுகின்றன. திரையில் ஒரு பொம்மை கையைத் தூக்குகிறது, நோயாளியும் தூக்குகிறார், எண் ஏறுகிறது, கைதட்டல் கேட்கிறது. அந்தப் பக்கம் மனிதர் யாரும் இல்லை. இடப்பக்க உலகமே கவனத்தில் படாத நோயாளிக்குத் திரையின் இடது பாதி இல்லாத பொருள். பேச்சு போனவர்களில் பலருக்கு வரும் கட்டளை புரியாது. நிற்கும் பயிற்சியில் தனியாக விட்டால் விழுந்து இடுப்பெலும்பு முறியும். தசை இறுக்கத்தை எந்தக் கேமராவும் பார்க்க முடியாது, தொட்டு மடக்கிப் பார்க்கும் கை வேண்டும். நோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் மென்பொருளும் மருத்துவச் சாதனமே என்று மத்திய அரசு 2020 பிப்ரவரியில் அறிவித்து, அதே ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திவிட்டது. அப்படியானால் பதிவும் சோதனைச் சான்றும் இல்லாமல் பக்கவாதக் குடும்பங்களிடம் சந்தா வசூலிப்பவர்களை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஏன் விட்டு வைத்திருக்கிறது?

இதைச் செய்யும் பொறியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. புடவைக் கொசுவத்துக்குள் முட்டி எங்கே இருக்கிறது என்று உங்கள் மென்பொருளுக்குத் தெரியுமா? லுங்கி? ஓட்டு வீட்டில் ஒற்றைப் பல்பு வெளிச்சம்? பின்னால் நின்று இடுப்பைப் பிடித்திருக்கும் மகளின் தோளை அப்பாவின் தோளாக எடுத்துக்கொள்கிறதா இல்லையா? நல்ல உடம்புகளின் படத்தைக் கொடுத்துப் பழக்கிய கருவியைக் கோணலாக நடப்பவரிடம் கொண்டுவந்து வைப்பதற்கு முன் இதையெல்லாம் சோதித்திருக்க வேண்டும். அரங்கில் குளிர்சாதனத்தில் செய்து காட்டுவது சோதனை ஆகாது. அதற்கு வல்லம் வட்டாரத்தில் ஒரு வாசல் போதும்.

திறமை இங்கே இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து கைக்குப் பயிற்சி தரும் ‘புளூட்டோ’ என்ற கருவியையே உருவாக்கியிருக்கின்றன. வேலூர் செஞ்சியிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் இன்னும் பெரிய பாடம். கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமைப்பு. ஊர்ப் பெண்களையே மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பழக்கி, வளர்ச்சி தாமதமான குழந்தைகளின் வீட்டுக்கு அனுப்பி, ஒவ்வொரு குழந்தையும் எவ்வளவு முன்னேறியது என்பதைச் செயலியில் பதிந்து, தூரத்திலிருக்கும் தெரபிஸ்ட் அதைப் பார்த்து வழிநடத்தும் முறையை அவர்கள் நடத்திக்காட்டிவிட்டார்கள். ஒரு தொண்டு நிறுவனம் கிராமத்தில் செய்ததை, 385 வட்டாரங்களிலும் ஆள் வைத்திருக்கும் அரசு செய்யாமல் இருப்பதற்கு என்ன காரணம் சொல்வார்கள்?

சிக்னல் இல்லை, போன் இல்லை, படிக்காத ஜனம். இந்த மூன்றையும்தான் சொல்வார்கள். 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோவதாக டான்பிநெட் நிறுவனம் தொடங்கியது யார்? அந்தக் கம்பி எதற்கு? மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் ஒவ்வொரு வீட்டிலும் ரத்த அழுத்தத்தைப் பார்த்து ஏற்றுவது போனில்தானே? அதே பெண் வாரம் இருமுறை போனை ஸ்டாண்டில் நிறுத்தி, நாற்காலி வைக்க வேண்டிய இடத்தில் தரையில் சாக்பீஸ் கோடு போட்டுப் பத்து நிமிடம் பதிவு செய்ய முடியாதா? முடியும், அதற்கு அவருக்குத் தனியாக ஊதியம் கொடுத்தால். ஏற்கெனவே சொற்ப ஊக்கத்தொகைக்கு ஓடும் பெண்கள் தலையில் இதையும் இலவசமாகக் கட்டுவதை நாம் ஏற்க மாட்டோம்.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ராஜகிரியைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சாலை, விளக்கு, கழிப்பறை எல்லாம் கேட்கிறோம், வரட்டும். கோட்டைக்கு வரும் அதிகாரிகளின் வண்டிகள் திண்டிவனத்திலிருந்து இந்த ஒன்றியத்தைத் தாண்டித்தான் போகின்றன. வழியில் ஒரு முறை நிறுத்தலாம்.

அரசு திருத்திக்கொள்ள வேண்டியவை இவை. ஒன்றியத்துக்கு ஒருவர் என்ற அளவை உடனே கைவிட வேண்டும். வீட்டுக்குப் போக ஒருவர், பதிவுகளைப் பார்த்துப் பயிற்சியை மாற்றித்தர இன்னொருவர் என்று குறைந்தது இருவர், அதுவும் ஆண்டுதோறும் புதுப்பிப்பார்களா என்று காத்திருக்கும் ஒப்பந்தப் பணியில் இல்லாமல் நிரந்தரப் பணியிடத்தில் வேண்டும். இவர்களுக்கு மேலே முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் துறையும் இயன்முறை சிகிச்சைத் துறையும் பொறுப்பேற்க வேண்டும். நோயாளி வார்டைவிட்டுப் போவதற்கு முன்பே அவருடைய முதல் அளவு எடுக்கப்பட்டு, வல்லத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும்; சான்று வரட்டும் என்று எந்தத் துறையும் காத்திருக்கக் கூடாது.

மென்பொருள் அரசின் கையில் இருக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் பெட்டியை வாங்கி மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குக் கினெக்டே சாட்சி. 2017-இல் மைக்ரோசாஃப்ட் அதன் தயாரிப்பை நிறுத்தியது, அதை நம்பி எழுதிய மறுவாழ்வு மென்பொருள்கள் தத்தளித்தன. வீட்டுக்குள் எடுக்கும் வீடியோ போனைத் தாண்டக் கூடாது. மூட்டுப் புள்ளிகளின் அளவு மட்டும் போனால் போதும், தொழில்நுட்பம் அதற்கு இடம் கொடுக்கிறது. நைட்டியோடு வாசலில் பயிற்சி செய்யும் பெண்ணின் படம் எந்த நிறுவனத்தின் கணினியிலும் போய்க் கிடக்க வேண்டிய அவசியம் இல்லை. இதை ஒப்பந்தப் புள்ளியின் முதல் நிபந்தனையாக எழுதுங்கள். காப்பீட்டுத் திட்டத்தில், வெளியேறிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு வீட்டு மறுவாழ்வுக்கான ஒரு தொகுப்பைச் சேர்க்க வேண்டும். கண்காணிக்கப்பட்ட அமர்வுக்கு மட்டும் பணம், பொம்மை கைதட்டியதற்கு இல்லை.

கடைசியாக, எண்ணும் முறை மாற வேண்டும். அடுத்த மானியக் கோரிக்கையின்போது சுகாதாரத் துறை அவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில், இயன்முறை சிகிச்சைப் பயனாளிகள் எத்தனை பேர் என்ற வரிக்குக் கீழே, வட்டாரம் வட்டாரமாக இன்னும் மூன்று எண்கள் வர வேண்டும். வீடு திரும்பிய எத்தனையாவது நாளில் முதல் பயிற்சி தொடங்கியது, வாரத்துக்குக் கண்காணித்த அமர்வுகள் எத்தனை, மூன்றாம் மாத முடிவில் முதல் அளவிலிருந்து எவ்வளவு முன்னேற்றம். வல்லம் என்ற வரிசையில் அந்த மூன்று கட்டங்களும் காலியாக இருந்தால், காலியாகவே அச்சிட்டு வையுங்கள். அவையில் இந்தப் பகுதியின் உறுப்பினர் எழுந்து கேட்கட்டும்.